வருஷத்துக்கு ரெண்டு கொலை நடக்குற நாட்டுல இத்தனை க்ரைம் நாவல் எப்படி?

ஒரு நண்பர் கேட்டது இது: "ஸ்வீடன், நார்வே க்ரைம் நாவல் எல்லாம் ஓரளவு படிச்சாச்சு. ஐஸ்லாந்துல மொத்த ஜனத்தொகையே நாலு லட்சத்தைத் தாண்டல, வருஷத்துக்கு சராசரியா ரெண்டு மூணு கொலைதான் நடக்குது, போலீஸ் சாதாரணமா துப்பாக்கி கூட வச்சுக்கிறது இல்லைன்னு சொல்றாங்க. அங்க இருந்து இத்தனை க்ரைம் நாவல் எப்படி வருது, வெளிநாட்டுக்காரங்க ஏன் இப்படி விழுந்து விழுந்து படிக்கிறாங்க, நான் எதுல ஆரம்பிக்கட்டும்?"

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன். கொலை எண்ணிக்கையை வச்சு பாத்தா இந்த விஷயம் பிடிபடவே படாது. ஐஸ்லாந்து க்ரைம் நாவலோட உயிர் இருக்குறது காணாமப் போனவங்க கிட்ட. நிறைய கதைகள்ல ஒருத்தர் முப்பது நாப்பது வருஷம் முன்னாடி மறைஞ்சு போயிருப்பார், அவரைச் சுத்தி இருந்த ஊரு வாயை மூடிட்டு தன் வேலையைப் பாத்திருக்கும், அப்புறம் ஒருநாள் மண்ணோ தண்ணியோ பனியோ அவரைத் திருப்பிக் கொடுக்கும். கதை அங்கதான் ஆரம்பிக்கும்.

சும்மா சொல்லல, முக்கியமான நாவல்களோட ஆரம்பத்தை மட்டும் வரிசையா வச்சு பாருங்க. அர்னால்துர் இந்த்ரிதாசனோட 'சைலன்ஸ் ஆஃப் தி கிரேவ்', தலைநகர் ரெய்க்யவிக் விளிம்புல கிராஃபர்ஹோல்ட்னு புதுசா வீடு கட்டிட்டு இருக்குற ஏரியா, ஒரு பையனோட பர்த்டே பார்ட்டி, தரையில உக்காந்திருக்குற கைக்குழந்தை எதையோ சப்பிட்டு இருக்கு, அங்க வந்த ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட் அதை வாங்கிப் பாத்தா மனுஷ எலும்பு. பக்கத்துல அஸ்திவாரம் தோண்டின குழியில இருந்து வந்தது. அவரோட இன்னொரு நாவல் 'தி ட்ரெய்னிங் லேக்', 2000ல வந்த நிலநடுக்கத்துக்கு அப்புறம் க்ளேஃபர்வாட்ன் ஏரியில தண்ணி நிஜமாவே இறங்க ஆரம்பிச்சுது, அந்த உண்மையை எடுத்துக்கிட்டு, வத்தின இடத்துல ஒரு எலும்புக்கூடு, அதோட சோவியத் காலத்து ரேடியோ கருவி ஒண்ணு கட்டியிருக்குன்னு ஆரம்பிக்கிறார். அவரோடதே 'தி டார்க்னெஸ் நோஸ்' நாவல்ல லாங்யோகுல் பனிப்பாறை உருகி, முப்பது வருஷம் முன்னாடி காணாமப் போன பிசினஸ்மேனோட உடம்பு வெளிய வருது. இர்சா சிகுர்தார்தோத்திர் எழுதின 'ஆஷஸ் டு டஸ்ட்'ல எரிமலைச் சாம்பல். 1973 ஜனவரி 23 ராத்திரி ஹேமாயி தீவுல பூமி பிளந்து எரிமலை வெடிச்சுது, கிட்டத்தட்ட ஐயாயிரம் பேரை அந்த ஒரே ராத்திரியில போட்ல ஏத்தி வெளிய கொண்டு வந்தாங்க, நூத்துக்கணக்கான வீடு சாம்பலுக்கு அடியில போச்சு. பல வருஷம் கழிச்சு அதுல ஒரு வீட்டைத் தோண்டி எடுக்குறப்போ பேஸ்மெண்ட்ல பிணங்கள் இருக்குறதா கதை. அதே இர்சாவோட 'தி சைலன்ஸ் ஆஃப் தி சீ'ல ஒரு சொகுசுப் படகு ரெய்க்யவிக் துறைமுகத்துக்குள்ள வந்து மோதுது, உள்ள ஒரு ஆள் கூட இல்ல.

எலும்பு, ஏரி, பனி, சாம்பல், கடல். இது எழுத்தாளர்கள் கூடிப் பேசி வச்ச ஃபார்முலா கிடையாது, அந்த நாடே அப்படி. ஐஸ்லாந்துல மலைமேல ஆட்டைத் தேடிப் போனவங்க, பக்கத்துப் பண்ணைக்கு நடந்து போனவங்க, மீன் பிடிக்கப் போனவங்கன்னு திரும்பி வராதவங்க தலைமுறை தலைமுறையா உண்டு. மீட்புப் பணிக்குன்னு பெரிய தன்னார்வலர் அமைப்பே இருக்கு, சாதாரண டீச்சர், எலக்ட்ரீஷியன், கடைக்காரங்கதான் அதுல ஆளுங்க, சம்பளம் கிடையாது, நியூ இயருக்குப் பட்டாசு வித்து அந்தக் காசுல வண்டியும் கயிறும் வாங்குறாங்க. கொலை அவங்களுக்கு அபூர்வம், ஆனா ஆள் காணாமப் போற பயம் எல்லா குடும்பத்துலயும் இருக்கு. அந்த பயத்துல இருந்து க்ரைம் நாவல் எழுதினா அது பொய்யா தெரியாது.

இதை முழுசா புரிஞ்சுக்கிட்டவர் அர்னால்துர்தான்னு நான் நினைக்கிறேன். அவரோட டிடெக்டிவ் எர்லெந்துர், ஐம்பது வயசு, டைவர்ஸ் ஆனவர், பொண்ணு எவா லிண்ட் போதைக்கு அடிமை, பையனோட பேச்சுவார்த்தை கம்மி. இதுவரைக்கும் கேட்டா நூறு நாவல்ல வர்ற சோகமான போலீஸ்காரர் மாதிரிதான் இருக்கும். ஆனா எர்லெந்துருக்கு ஒரு விஷயம் இருக்கு. சின்ன வயசுல கிழக்கு ஐஸ்லாந்துல அப்பாவோட மலைக்குப் போனப்போ பனிப்புயல்ல மாட்டிக்கிறாங்க, இவர் தம்பி கையைப் பிடிச்சிட்டு இருந்தவர், எந்த நிமிஷம் கை விட்டுச்சுன்னு தெரியாம விட்டுடுது. இவரை உயிரோட கண்டுபிடிச்சுட்டாங்க. தம்பி கிடைக்கவே இல்ல, உடம்பும் கிடைக்கல. அதுக்கப்புறம் வாழ்க்கை முழுக்க அவர் ராத்திரி உக்காந்து படிக்கிறது ஒரே வகை புத்தகம், புயல்ல வழி தவறிப் போனவங்க, உறைஞ்சு செத்தவங்க, மீண்டு வந்தவங்க பத்தின பழைய பதிவுகள். இந்த மாதிரி விபரீதக் கதைத் தொகுப்புகள் ஐஸ்லாந்துல நிஜமாவே நிறைய உண்டு, வீடுகள்ல விரும்பிப் படிக்கிற சமாச்சாரம்.

இதனால என்ன ஆகுதுன்னா, எர்லெந்துர் ஒரு கேஸை எடுக்கும்போது அவருக்குக் குற்றவாளியைப் பிடிக்கிறதுல பெரிய ஆர்வம் இல்ல. பின்னாடி விட்டுட்டுப் போனவங்க எப்படி வாழ்ந்தாங்க, காத்திருந்த அம்மா என்ன ஆனாங்க, அதுதான் அவரைப் பிடிச்சு ஆட்டுது. 'ஹைப்போதெர்மியா' நாவலை எடுத்துக்கோங்க, அதுல சட்டப்படி பாத்தா கேஸே கிடையாது, திங்வெட்லிர் பக்கத்துல ஒரு காட்டேஜ்ல ஒரு பொண்ணு தூக்கு போட்டுக்கிட்டா, போலீஸ் ஃபைலை மூடியாச்சு. இவர் மட்டும் யாரும் கேக்காமலே வீடு வீடா போய்ப் பேசிட்டு இருக்கார், கூடவே பல வருஷம் முன்னாடி தொலைஞ்சு போன இளவயசுக்காரங்க கேஸையும் தோண்டுறார், ஏன்னா அதுல ஒரு பையனோட அப்பா சாகப் போற வயசுலயும் வருஷா வருஷம் ஸ்டேஷனுக்கு வந்து ஏதாவது தெரிஞ்சுதான்னு கேட்டுட்டுப் போறார். துரத்தல் கிடையாது, துப்பாக்கிச் சண்டை கிடையாது, பெரும்பாலும் ரெண்டு பேர் உக்காந்து காபி குடிச்சுட்டே பேசுறதுதான். ஆனா புத்தகத்தைக் கீழ வைக்க முடியாது. நான் படிச்ச க்ரைம் நாவல்கள்ல மனசுல ரொம்ப நாள் தங்கினது இதுதான்னு தயங்காம சொல்வேன்.

இந்த பயத்துக்கு ஒரு நிஜ கேஸும் இருக்கு, அது தெரியாம ஐஸ்லாந்து க்ரைம் எழுத்தைப் பேசவே முடியாது. 1974ல ரெண்டு ஆண்கள் தனித்தனியா காணாமப் போனாங்க, ஜனவரில ஹாப்னார்ஃபியோர்துர்ல குத்முந்துர்னு ஒரு இளைஞர், நவம்பர்ல கெப்லாவிக்ல கெயிர்ஃபின்னுர்னு ஒருத்தர். ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, உறவும் கிடையாது. உடம்பு இல்ல, ஆயுதம் இல்ல, சாட்சின்னு உருப்படியா எதுவும் இல்ல. ஆனா ஆறு இளைஞர்களைப் பிடிச்சு, தனிச் சிறையில மாசக்கணக்குல வச்சு, தூங்க விடாம விசாரிச்சு, வாக்குமூலம் வாங்கி தண்டனை கொடுத்துட்டாங்க. அவங்கள்ல சிலர் நாமதான் செஞ்சோமோன்னு தாங்களே நம்ப ஆரம்பிச்சுட்டாங்க. அந்த காலத்துல ரெய்க்யவிக் போலீஸ்ல இருந்து அப்புறம் சைக்காலஜிஸ்ட் ஆன கிஸ்லி குத்யோன்சன், பொய்யான வாக்குமூலம் பத்தி உலகம் முழுக்க மதிக்கப்படுற ஆராய்ச்சியாளர், தன் ஞாபகத்து மேலயே நம்பிக்கை போற அந்த நிலையைப் பத்தி விரிவா எழுதியிருக்கார். கடைசியில 2018 செப்டம்பர்லதான் சுப்ரீம் கோர்ட் அஞ்சு பேரை விடுதலை பண்ணுச்சு, அதுக்குள்ள அதுல ரெண்டு பேர் செத்தே போயிட்டாங்க. காணாமப் போன ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. ஒரு சின்ன நாட்டுல, எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச இடத்துல, இப்படி ஒரு விஷயம் நாப்பத்தி நாலு வருஷம் ஆறாம இருந்தா அங்க எழுதுறவங்க மனசுல அது எப்படி இல்லாமப் போகும். ஐஸ்லாந்து நாவல்ல பழைய கேஸ், தப்பான தீர்ப்பு, போலீஸோட அவசரம் எல்லாம் திரும்பத் திரும்ப வர்றதுக்குப் பின்னாடி இந்த நிழல் இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன்.

இன்னும் பின்னாடி போனா இன்னும் சுவாரஸ்யம். ஐஸ்லாந்தோட பழைய சட்டத்துல ஒரு விஷயம் இருக்கு. ஒருத்தனைக் கொன்னுட்டா உடனே போய் நான்தான் கொன்னேன்னு அறிவிக்கணும். அறிவிச்சா அது கொலை வழக்கு, நஷ்டஈடு பேசலாம், வழக்காடலாம். அறிவிக்காம மறைச்சா அது வேற குற்றம், அதைவிடக் கேவலமான குற்றம். அதாவது கொன்னதை விட மறைச்சதுதான் பெரிய பாவம்னு சுமார் தொள்ளாயிரம் வருஷம் முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க. இப்போ மேல சொன்ன நாவல்களை எல்லாம் திரும்ப நெனச்சுப் பாருங்க, எல்லாத்துலயும் கதையோட கோபம் எது மேல போகுது? கொன்ன கை மேல இல்ல, மறைச்ச வாய் மேல.

சாகான்னா ஐஸ்லாந்தோட பழைய உரைநடைக் கதைகள், அதுல பதிமூணாம் நூற்றாண்டுல எழுதின கிஸ்லி சாகாவைப் படிச்சா இது இன்னும் நல்லா தெரியும். புயல் அடிக்குற ராத்திரி, கூரை பிச்சுக்கிட்டு ஒழுகுது, வீட்டு ஆம்பளைங்க எல்லாம் வைக்கோலைக் காப்பாத்த வெளிய ஓடுறாங்க, விருந்தாளியா வந்த வெஸ்டெய்ன் மட்டும் உள்ள படுத்திருக்கான், யாரோ வந்து ஈட்டியால குத்திட்டு ஈட்டியை அப்படியே விட்டுட்டுப் போயிடுறாங்க. யார் குத்தினதுன்னு கதை நேரா சொல்லாது. ரெண்டு பேர் மேல சந்தேகம் வர்ற மாதிரி தடயம் மட்டும் வச்சிருக்கும், அறிஞர்கள் இன்னைக்கும் அதைப் பத்தி வாதாடிட்டு இருக்காங்க. அதுக்குப் பழி வாங்கப் போற கதாநாயகன் கிஸ்லி, வெஸ்டெய்னோட மச்சான், பனியில கால் தடம் விழக் கூடாதுன்னு ஓடைத் தண்ணிக்குள்ள நடந்தே போறான். தடயத்தை அழிக்கிறது, சந்தேகம், மௌனம் எல்லாம் எழுநூறு வருஷம் முன்னாடி எழுதியாச்சு. சாகாக்களோட நடையும் அப்படித்தான், உணர்ச்சியைச் சொல்லவே சொல்லாது, யார் என்ன செஞ்சா, என்ன பேசினான்னு மட்டும் சொல்லிட்டு நகரும். அர்னால்துரோட உரைநடையில அந்த வறட்சி அப்படியே இருக்கு, முதல் தடவை படிக்கிறவங்களுக்கு கொஞ்சம் சப்புன்னு தோணலாம், நாலு அத்தியாயம் பொறுத்தா பிடிச்சுக்கும்.

நடுவுல இன்னொரு கண்ணி. 1802ல மேற்கு ஐஸ்லாந்துல சியோந்தாங்குற ஒதுக்குப்புறமான பண்ணையில ரெண்டு குடும்பம் இருந்தாங்க, ஒரு வீட்டு ஆணும் இன்னொரு வீட்டுப் பொண்ணும் சேர்ந்து தங்களோட கணவனையும் மனைவியையும் கொன்னுட்டாங்கன்னு வழக்கு. அந்தப் பொண்ணு ஸ்டெய்னுன் தண்டனை நிறைவேறுறதுக்கு முன்னாடியே ரெய்க்யவிக் ஜெயில்ல செத்துப் போனா. குன்னர் குன்னர்சன் 1929ல இதை வச்சு ஒரு நாவல் எழுதினார், டேனிஷ் மொழியில, குற்றத்தை விசாரிக்கிற ஊர் எவ்வளவு சுத்தம்னு கேக்குற நாவல். அந்த ஜெயில் கட்டிடம் இன்னைக்கும் நடு ஊர்ல நிக்குது, வெள்ளையடிச்ச சின்னக் கட்டிடம், இப்போ அது பிரதமர் அலுவலகம். 2017ல இருந்து 2024 வரைக்கும் பிரதமரா இருந்த காத்ரின் யாகோப்ஸ்தோத்திர் அர்னால்துரோட நாவல்களைப் பத்தி முதுகலை ஆய்வு பண்ணவங்க. பதவியில இருக்கும்போதே, 2022ல, ராக்னர் யோனாசனோட சேர்ந்து 'ரெய்க்யவிக்'னு ஒரு க்ரைம் நாவலும் வெளியிட்டாங்க. அதோட கதை என்னன்னு பாத்தா, 1956ல விதேய் தீவுல வேலைக்குப் போன பதினஞ்சு வயசுப் பொண்ணு லாரா காணாமப் போறா, முப்பது வருஷம் கழிச்சு 1986ல நகரத்தோட இருநூறாவது ஆண்டு விழா நேரத்துல ஒரு பத்திரிகைக்காரன் அதைத் தோண்டுறான். பிரதமரே எழுதினாலும் காணாமப் போனவங்க கதைதான் வருது பாருங்க.

அடுத்தது ஊரோட அளவு. சின்ன சமூகம்னா என்னன்னு நாவல் படிக்கும்போது உடம்புலயே தெரியும். அங்க குடும்பப் பேர் பழக்கம் ரொம்பக் குறைவு, அப்பா பேர் ஜோன்னா மகன் ஜோன்சன், மகள் ஜோன்ஸ்தோத்திர், நம்ம இனிஷியல் மாதிரின்னு வச்சுக்கோங்க. அதனால போன் டைரக்டரியே முதல் பேரை வச்சுதான், பிரதமரையும் முதல் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, நாவல்ல போலீஸ்காரர் கைதியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அது நெருக்கமும் இல்ல, அவமரியாதையும் இல்ல. விசாரிக்கப் போற போலீஸ்காரருக்கு சாட்சியோட மாமாவைத் தெரிஞ்சிருக்கும். நாளைக்கு நீச்சல் குளத்துல, சூப்பர்மார்க்கெட்ல முகத்துல முழிச்சாகணும். ஒரு உண்மையை வெளிய சொன்னா ரெண்டு வீடு இடியும்னா, ஊரு பேசாம இருந்துடும். இந்த மௌனம்தான் அங்க பெரும்பாலான கொலைகாரனுக்குக் கிடைக்குற மறைவிடம்.

இதோட இன்னொரு பக்கம் ரத்த உறவு. ஐஸ்லாந்துக்காரங்களோட வம்சாவளி ஆன்லைன்ல ஒரு டேட்டாபேஸாவே இருக்கு, பல நூற்றாண்டு வரைக்கும் போகும், யாருக்கு யார் எந்த வழியில சொந்தம்னு பாத்துடலாம். 1996ல டிகோட் ஜெனடிக்ஸ்னு ஒரு மரபணு ஆராய்ச்சி கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1998ல நாட்டு மக்களோட மருத்துவத் தகவலை ஒரே இடத்துல சேக்குறதுக்குச் சட்டமும் வந்துது, நாடே ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டுது. அந்தச் சூட்டுல, 2000ல, அர்னால்துர் எழுதினதுதான் 'ஜார் சிட்டி'. நோர்துர்மீரி ஏரியாவுல ஒரு வயசானவர் தன் பேஸ்மெண்ட் ஃப்ளாட்ல அடிச்சுக் கொல்லப்படுறார், புரியாத ஒரு சீட்டு கிடக்குது, அங்க இருந்து கதை ஒரு பரம்பரை நோய்க்கும் ஒரு சின்னப் பொண்ணோட கல்லறைக்கும் போகுது. மேல சொல்ல மாட்டேன், கெடுத்துடும். ஆனா குற்றமும் ரத்தமும் ஒரே வழியில தலைமுறை தாண்டிப் போறதை இவ்வளவு துல்லியமா வேற எந்த நாட்டுல வச்சும் எழுதியிருக்க முடியாது. 2006ல பால்டசார் கோர்மாகுர் இதைப் படமா எடுத்தார், கார்லோவி வாரி திரைப்பட விழாவுல பெரிய பரிசு வாங்குச்சு.

வரலாறு சுருக்கமா சொல்லிடறேன். தொண்ணூறுகள் நடு வரைக்கும் ஐஸ்லாந்துலயே க்ரைம் நாவல்னா ஒரு இளப்பம், இங்க என்ன நடக்குது எழுதுறதுக்குன்னு கேப்பாங்களாம். 1997ல அர்னால்துரோட முதல் நாவலும், ஸ்டெல்லா ப்ளோம்க்விஸ்ட்ங்குற புனைபெயர்ல ஒரு வக்கீல் சீரீஸும் வந்துது, அந்த ஸ்டெல்லா யாருன்னு ரொம்ப வருஷம் வெளிய வரவே இல்ல. அப்புறம் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கான கண்ணாடிச் சாவி விருதை அர்னால்துர் 2002லயும் 2003லயும் அடுத்தடுத்து வாங்கினார். 2005ல 'சைலன்ஸ் ஆஃப் தி கிரேவ்' பிரிட்டன்ல சிறந்த க்ரைம் நாவலுக்கான கோல்ட் டாகர் விருது வாங்குச்சு. அதுக்கு அடுத்த வருஷமே கோல்ட் டாகரை ஆங்கிலத்துல எழுதின நாவலுக்கு மட்டும்னு ஆக்கி, மொழிபெயர்ப்புக்குன்னு தனி விருது வச்சாங்க. இந்த வெற்றியில பாதி மொழிபெயர்ப்பாளர் பெர்னார்ட் ஸ்கடருக்குப் போகணும், 2007ல இறந்துட்டார், அப்புறம் விக்டோரியா கிரிப் அந்த இடத்துக்கு வந்தாங்க, அவங்க மொழிபெயர்ப்பும் அருமை.

அர்னால்துருக்கு அப்புறம் வந்தவங்கள்ல ரெண்டு பேரைப் பத்திக் கொஞ்சம் பேசணும். ராக்னர் யோனாசன் வக்கீல், பதினேழு வயசுல ஆரம்பிச்சு அகதா கிறிஸ்டியோட பதினாலு நாவலை ஐஸ்லாந்து மொழிக்குக் கொண்டு போனவர், அந்தப் பயிற்சி அவர் எழுத்துல அப்படியே தெரியும். கிறிஸ்டிக்கு ஒரு மாளிகையோ ரயிலோ தேவைப்பட்டுது, இவருக்கு சிக்லுஃபியோர்துர்னு ஒரு நிஜ ஊர் கிடைச்சுது. வடக்கு முனையில, மூணு பக்கம் செங்குத்தான மலை, ஒரு பக்கம் கடல், ஒரு காலத்துல ஹெரிங் மீன்ல கொழிச்ச ஊரு, இப்போ ஆயிரத்துச் சொச்சம் பேர். 1967ல ஒரு சுரங்கப்பாதை போட்டாங்க, 2010ல இன்னொண்ணு. பனிச்சரிவு விழுந்து ரோடு அடைச்சா உள்ள இருக்குறவங்க உள்ளதான். 'ஸ்னோப்ளைண்ட்'ல ரெய்க்யவிக்ல இருந்து புதுசா வேலைக்கு வந்த அரி தோர்ங்குற இளம் போலீஸ்காரர் அந்த ஊர்ல பூட்டே போடாத வீடுகளைப் பாத்து ஆச்சரியப்படுறார், அப்புறம் நாடக மன்றத்துல ஒரு வயசான எழுத்தாளர் படியில விழுந்து சாகுறார், ஒரு பொண்ணு பனியில ரத்தத்தோட கிடக்குறா, ரோடு மூடுது. புதிர் பிடிச்சவங்களுக்கு இது சரியான தீனி. ஆனா எனக்கு அவரோட ஹுல்டாங்குற பெண் போலீஸ் அதிகாரி வர்ற சீரீஸ்தான் பெரிசு, அதுக்குக் கடைசியில வர்றேன்.

இர்சா சிவில் இன்ஜினியர், காராஹ்ன்யூகர் நீர்மின் திட்டத்துல வேலை பாத்தவங்க, குளிர்லயும் காத்துலயும் சைட்ல இருந்தவங்களுக்குத்தான் அப்படி இடத்தை எழுத வரும்னு நினைக்கிறேன். அவங்க மட்டும் பேயைக் கதைக்குள்ள விடுவாங்க. 'ஐ ரிமெம்பர் யூ'ல ஹெஸ்டெய்ரின்னு ஒரு கைவிடப்பட்ட கிராமம், நிஜமாவே 1952ல கடைசி ஆளும் கிளம்பிட்ட இடம், ரோடு கிடையாது, போட்லதான் போகணும். குளிர்காலத்துல மூணு பேர் அங்க ஒரு பழைய வீட்டை ரிப்பேர் பண்ணப் போறாங்க. இன்னொரு பக்கம் இசாஃபியோர்துர்ல ஒரு டாக்டர், அவரோட பையன் மூணு வருஷம் முன்னாடி காணாமப் போனவன். ராத்திரி தனியா படிக்காதீங்கன்னு நான் மனசாரச் சொல்வேன். பேய் வர்றதால இது க்ரைமா ஹாரரான்னு சிலர் சண்டை போடுவாங்க, எனக்கு அந்தக் கவலை இல்ல, தொலைஞ்ச குழந்தையைத் தேடுற அப்பாவோட மனசுல ரெண்டுக்கும் நடுவுல கோடு இருக்காது.

இதுக்கு வெளிய நிக்குறவங்களும் உண்டு. லில்யா சிகுர்தார்தோத்திரோட 'ஸ்னேர்' 2008 வங்கிச் சரிவுக்கு அப்புறம் நடக்குற கதை, மூணு பெரிய வங்கியும் ஒரே வாரத்துல விழுந்த நாடு, அதுல மகனோட கஸ்டடிக்காகப் போராடுற ஒரு அம்மா கொக்கைன் கடத்துறா, அவளோட காதலி அந்த வங்கி மோசடியில விசாரணைக்கு உள்ளானவ. பனி, மௌனம் எல்லாம் கம்மி, வேகம் அதிகம். எவா பியோர்க் அய்கிஸ்தோத்திரோட 'தி க்ரீக் ஆன் தி ஸ்டேர்ஸ்' அக்ரனெஸ்ங்குற சின்ன ஊர்ல கலங்கரை விளக்கம் பக்கத்துல கிடைக்குற ஒரு பொண்ணோட உடம்புல ஆரம்பிச்சு, ஊருக்கே தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்த ஒரு குழந்தையோட துன்பத்துக்குப் போகுது. ஐஸ்லாந்துல புது எழுத்தாளருக்குன்னு ராக்னரும் இர்சாவும் ஏற்படுத்தின பரிசை முதல்ல வாங்கினது இதுதான், 2021ல பிரிட்டன்ல அறிமுக நாவலுக்கான டாகரும் வாங்குச்சு.

குறையும் சொல்லணும். வெளிநாட்டு மார்க்கெட்டு பெருசானதுக்கு அப்புறம் அட்டையில பனி, உள்ள இருட்டு, கடைசிப் பக்கத்துல ஒரு திருப்பம்னு அளவெடுத்துத் தச்ச மாதிரி நாவல்கள் வர ஆரம்பிச்சிருக்கு. அதுல இடம் வெறும் வால்பேப்பர், கதையை கனடாவுக்கு மாத்தினா கூட ஒண்ணும் ஆகாது. நல்ல ஐஸ்லாந்து நாவலுக்கு அது முடியாது. இருட்டு மட்டும்தான் அந்த நாடுன்னும் நினைச்சுடாதீங்க, ஜூன்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், தூக்கம் வராது, கண்ணை மூடினாலும் வெளிச்சம், அந்த வெளிச்சத்துல நடக்குற கதைகள் இருட்டை விட என்னைத் தொந்தரவு பண்ணுது.

அங்க இருக்குறவங்க ஏன் இவ்வளவு படிக்கிறாங்கன்னா, கிறிஸ்துமஸ். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல மத்த சாமான் எல்லாம் கட்டுப்பாடு, காகிதத்துக்கு அவ்வளவு இல்ல, அதனால பரிசுன்னா புத்தகம்னு ஆச்சு, அது அப்படியே ஒட்டிக்கிச்சு. அக்டோபர், நவம்பர்லதான் பெரும்பாலான புத்தகம் வெளிய வரும், எல்லாத்தையும் பட்டியல் போட்ட கேட்டலாக் ஒண்ணும் வரும், அர்னால்துரோட புது நாவல் நவம்பர் 1ம் தேதி வந்துடும். கிறிஸ்துமஸ் ஈவ் ராத்திரி புத்தகத்தைப் பிரிச்சு உக்காந்துடுவாங்க.

சரி, எதுல ஆரம்பிக்கிறது. முதல்ல 'ஜார் சிட்டி', பிரிட்டிஷ் பதிப்புல சில சமயம் 'டெயின்டட் ப்ளட்'னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டு காப்பி வாங்கிடாதீங்க. எர்லெந்துர் சீரீஸ்ல உண்மையில இது மூணாவது, ஆங்கில வரிசை இதுல இருந்துதான் ஆரம்பிச்சுது, முன்னாடி ரெண்டைப் படிக்காம விட்டாலும் குழப்பம் வராது. அடுத்து 'சைலன்ஸ் ஆஃப் தி கிரேவ்', இதுல குடும்ப வன்முறை ரொம்ப நேரடியா வரும், அது உங்களுக்குக் கஷ்டம்னா கொஞ்சம் தள்ளி வைங்க. அப்புறம் 'தி ட்ரெய்னிங் லேக்', 'ஹைப்போதெர்மியா'. தம்பிக்கு என்ன ஆச்சுங்குறது 'ஸ்ட்ரேஞ்ச் ஷோர்ஸ்'ல, அதைக் கடைசிக்கு வச்சுக்கோங்க, தயவு செஞ்சு முன்னாடி எடுக்காதீங்க. செஸ் பிடிக்கும்னா 'தி கிரேட் மேட்ச்', 1972ல ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ரெய்க்யவிக்ல ஆடின சமயத்துல சினிமா தியேட்டர்ல ஒரு பையன் குத்திக் கொல்லப்படுற கதை, அவன் படத்தோட சத்தத்தை கேசட்ல பதிவு பண்ணிட்டு இருந்தவன்.

ராக்னரோட ஹுல்டா மூணையும் வெளிவந்த வரிசையிலதான் படிக்கணும், 'தி டார்க்னெஸ்', 'தி ஐலண்ட்', 'தி மிஸ்ட்'. இதுல காலம் பின்னோக்கி ஓடுது. முதல் நாவல்ல ஹுல்டாவுக்கு அறுபத்தி நாலு வயசு, கட்டாயமா ரிட்டயர் ஆகச் சொல்லிட்டாங்க, கடைசியா ஒரே ஒரு பழைய கேஸ், கடற்கரையில செத்துக் கிடந்த அகதிப் பொண்ணு. ரெண்டாவதுல வயசு குறைஞ்சிருக்கும், எல்லிதாய் தீவுல தனியா நிக்குற ஒரு விடுதிக்குப் போற நண்பர்கள். மூணாவது 1987 கிறிஸ்துமஸ், கிழக்குல பனியில மூடின ஒரு பண்ணை வீடு, கதவைத் தட்டுற ஒரு அந்நியன், இன்னொரு பக்கம் ஹுல்டாவோட சொந்த வீடு. வயசுப்படி அடுக்கிப் படிக்கலாமேன்னு சிலர் மூணாவதுல இருந்து ஆரம்பிக்கிறாங்க, அப்படிப் பண்ணா அவங்களுக்கு என்ன நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சுட்டே அவங்களோட நம்பிக்கையான நாட்களைப் பாக்குற அந்த வலி மொத்தமா போயிடும்.